கம்பெத்தா நல்ல வக்கீலா, நல்ல பேச்சாளர் மட்டும்தானா?

நீங்கள் கேட்டது சுருக்கமான கேள்வி. "லெயோன் கம்பெத்தா ஒரே ஒரு வழக்கில் பேசிப் பெயர் வாங்கினார். அந்த வழக்கும் தோற்றுப்போனது. இரண்டே வருடத்தில் பிரான்சின் உள்துறை அமைச்சர் ஆகிவிட்டார். அவர் உண்மையிலேயே நல்ல வக்கீலா, வெறும் பேச்சாளரா?" நீங்கள் வக்கீலாகப் பதிவு செய்து ஓராண்டு ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கோர்ட்டில் கற்றுக்கொள்ளும் வித்தை வெளியே எதற்கு உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும்? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் 27 வருடமாக சிவில் பக்கம் தொழில் செய்கிறேன். பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களும் பழைய தீர்ப்புகளும் அடிக்கடி கைக்கு வரும் ஊர் இது. அவற்றைப் படிக்கத்தான் பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். அந்த வழியில்தான் கம்பெத்தாவின் பேச்சுகளிடம் வந்து சேர்ந்தேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. போர்க்கலை எனக்குத் தெரியாது. ஒரு வக்கீல் இன்னொரு வக்கீலைப் பார்க்கும் பார்வையில் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

அவர் பிறந்தது 1838 ஏப்ரல் 2, தென்மேற்கு பிரான்சில் காவோர் என்ற சிறிய ஊரில். அப்பா ஜொசெஃப் இத்தாலியிலிருந்து, ஜெனோவா பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து வந்த மளிகை வியாபாரி. கடையின் பெயரே 'ஜெனோவா பஜார்'. அம்மா ஒரு மருந்துக் கடைக்காரரின் மகள். பையன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் தீர்மானம். சட்டம் படிக்கப் பாரிசுக்குப் போக வேண்டும் என்பது பையனின் பிடிவாதம். அம்மாவும், அம்மாவின் சகோதரி ஜென்னி மசாபியும் பையன் பக்கம் நின்றார்கள். அந்தச் சித்தி பின்னாளில் பாரிசுக்கே வந்து, தன் கையிருப்பைப் போட்டு அவருக்குக் குடித்தனம் நடத்தினார். முதல் தலைமுறை வக்கீல்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். தொழிலில் வருமானம் வரும்வரை யாரோ ஒருவர் சோறு போட வேண்டியிருக்கிறது.

சிறு வயதிலேயே வலது கண் போய்விட்டது. ஒரு கத்திப் பட்டறையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது உடைந்த இரும்புத் துண்டு தெறித்தது. இது உறுதியான செய்தி. குருமடப் பள்ளியிலிருந்து தன்னை வெளியே எடுக்கவேண்டும் என்று அப்பாவை மிரட்டித் தானே கண்ணைக் குத்திக்கொண்டார் என்றும் ஒரு கதை உலவும். அதை நம்ப வேண்டாம், பெரிய மனிதர்களுக்குப் பின்னால் சேரும் கட்டுக்கதை அது. கெட்டுப்போன அந்தக் கண்ணை 1867இல் எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் வைத்தார்கள். அவருடைய படங்கள் பெரும்பாலும் இடப்பக்கம் தெரியும்படியே இருப்பது அதனால்தான்.

அப்பா வெளிநாட்டவர் என்பதால், வயது வந்ததும் 1859இல் பிரெஞ்சுக் குடியுரிமையை முறைப்படி கேட்டுப் பெற்றார். 1861இல் வக்கீலாக உறுதிமொழி எடுத்தார். அடுத்த ஏழு வருடக் கணக்கைப் பார்த்தால், தொழிலில் அவர் பெரிதாக எழவில்லை என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரிய வழக்குகள் இல்லை, பணமும் இல்லை. ப்ரோகோப் காபிக்கடையில் நண்பர்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு உரக்கப் பேசுவது, நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விவாதங்களைக் கேட்பது, இளம் வக்கீல்கள் கூடிப் போலி நாடாளுமன்றம் நடத்தும் மொலே மன்றத்தில் வாதாடுவது, இப்படித்தான் பெரும்பாலான நேரம் போனது. ஆனால் அவருக்கு ஒரு நல்ல சீனியர் கிடைத்தார். 1848 புரட்சி அரசில் நீதி அமைச்சராக இருந்த அதோல்ஃப் கிரெமியே. அவர் அலுவலகத்தில் கம்பெத்தா செயலாளராக வேலை பார்த்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முறை திரும்ப வரும்.

அந்தக் காலத்து பிரான்சில் ஏன் இவ்வளவு வக்கீல்கள் அரசியலுக்கு வந்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூல் ஃபாவ்ர், ஜூல் கிரேவி, எமில் ஒலிவியே, ஜூல் ஃபெரி எல்லோரும் வக்கீல்களே. 1851 டிசம்பர் 2 அன்று லூயி நெப்போலியன் ராணுவத்தை வைத்து ஆட்சியைக் கைப்பற்றினார், அடுத்த வருடம் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பேரரசர் ஆனார். 20 பேருக்கு மேல் சேர்ந்து சங்கம் வைக்க அரசின் அனுமதி வேண்டும். பத்திரிகைக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், அதன்பின் நிறுத்தி வைப்பார்கள். தேர்தலில் அரசாங்கமே வேட்பாளரை அறிவித்து, மாவட்ட அதிகாரிகளை வைத்து ஜெயிக்க வைக்கும். அப்படிப்பட்ட நாட்டில் அரசை எதிர்த்து உரக்கப் பேசக் கூடிய இடமாக மிஞ்சியது கோர்ட் ஒன்றுதான். வாதத்தின்போது கோர்ட்டில் பேசுவதற்கு அவதூறு வழக்குப் போட முடியாது என்று 1819ஆம் வருடத்துச் சட்டம் காப்பு கொடுத்திருந்தது. அதோடு, வக்கீல் அரசாங்கச் சம்பளத்தை நம்பி வாழ்பவர் அல்ல. தேர்தலில் தோற்றால் மறுபடி கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு தொழிலுக்குத் திரும்பலாம். ஆசிரியருக்கோ அரசு ஊழியருக்கோ அந்த வசதி இல்லை.

1868இல் அரசு கொஞ்சம் தளர்ந்தது. மே மாதச் சட்டம் பத்திரிகை தொடங்க முன் அனுமதி வேண்டியதில்லை என்றது. அப்படித் தொடங்கிய பத்திரிகைகளில் ஒன்று 'லெ ரெவெய்'. அதன் ஆசிரியர் ஷார்ல் தெலெக்ளூஸ், பல வருடம் சிறையிலும் நாடு கடத்தலிலும் கழித்த பழைய குடியரசுவாதி. அந்த நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் போதெனின் சமாதியைத் தேடிப் பிடித்து ஒரு கூட்டம் கூடியது. போதென் மருத்துவர், மக்கள் பிரதிநிதி. 1851 ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்து டிசம்பர் 3 அன்று தடுப்பரணில் நின்று குண்டு பட்டு இறந்தவர். "உங்கள் தினப்படி 25 ஃபிராங்கைக் காப்பாற்ற நாங்கள் சாக வேண்டுமா?" என்று தொழிலாளிகள் கேட்டதாகவும், "25 ஃபிராங்குக்காக எப்படிச் சாகிறார்கள் என்று பாருங்கள்" என்று அவர் பதில் சொன்னதாகவும் பிரான்சில் எல்லோரும் சொல்வார்கள். அவர் அங்கே இறந்தது நிச்சயம். இதே சொற்களைச் சொன்னாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 17 வருடமாக ஊர் மறந்திருந்த அந்தச் சமாதிக்கு நினைவுச் சின்னம் வைக்க 'லெ ரெவெய்' முதலிய பத்திரிகைகள் நன்கொடை திரட்டின. அரசு வழக்குப் போட்டது.

1868 நவம்பர் 14. பாரிஸ் குற்றவியல் நீதிமன்றத்தின் ஆறாவது அமர்வு, அரசியல் வழக்குகளுக்குப் பேர்போன அறை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பலர், கிரெமியே, எம்மனுவேல் அராகோ போன்ற பெரிய சீனியர்கள் அவர்களுக்காக ஆஜரானார்கள். தெலெக்ளூஸின் தரப்பைப் பேச வந்தது முப்பது வயதுக் கம்பெத்தா. நன்கொடை கேட்டது குற்றமா இல்லையா என்றுதான் சாதாரணமாக எந்த ஜூனியரும் வாதாடுவார். சட்டப் பிரிவை எடுத்து, அதன் சொற்களைப் பிரித்து, இது இந்தப் பிரிவுக்குள் வராது என்று காட்டுவார். கம்பெத்தா அந்தப் பக்கம் அதிகம் போகவே இல்லை. நாட்டைக் காப்பாற்றுகிறேன் என்ற பெயரில் ஒருவர் சட்டத்தைக் கவிழ்க்கலாமா, அந்தச் சட்டத்துக்காக உயிரை விட்டவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா, இதுதான் இந்த நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று ஆரம்பித்தார். அதோடு வழக்கின் திசையே மாறிவிட்டது. டிசம்பர் 2 அன்று பதவி தேடிய ஒருவரைச் சுற்றிச் சேர்ந்தவர்கள் திறமையும் மானமும் இல்லாதவர்கள் என்றார். பாரிசைக் காட்டி மாகாணங்களை ஏமாற்றினீர்கள், மாகாணங்களைக் காட்டிப் பாரிசை ஏமாற்றினீர்கள் என்றார். அரசு வக்கீல் எழுந்து குறுக்கிட்டார், நீதிபதி தடுக்கப் பார்த்தார். அவர் குரல் அவர்களை மூடிவிட்டது.

பிறகுதான் அந்த இடம் வருகிறது. எத்தனையோ முறை படித்தும் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியும். 17 வருடமாக நீங்கள் பிரான்சின் முழு எஜமானர்கள் என்று அரசைப் பார்த்துச் சொல்கிறார். ஆனால் ஒருநாள்கூட, டிசம்பர் இரண்டை நாட்டின் திருநாளாகக் கொண்டாடுவோம் என்று சொல்ல உங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த நாட்டில் வந்த ஒவ்வொரு ஆட்சியும் தான் பிறந்த நாளைக் கொண்டாடியது, நீங்கள் மட்டும் கொண்டாடவில்லை. சரி, உங்களுக்கு வேண்டாத அந்த நாளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், நம்முடைய தியாகிகளின் நினைவு நாளாக வருடா வருடம் அதைக் கடைப்பிடிப்போம் என்று முடிக்கிறார்.

இதில் என்ன வித்தை என்று வக்கீலாகப் பாருங்கள். எதிர்த்தரப்பு செய்ததை அல்ல, செய்யாமல் விட்டதைச் சாட்சியாக்கினார். தன் செயல் நேர்மையானது என்று நம்பும் ஒருவர் அதைக் கொண்டாடியிருப்பார். நீங்கள் கொண்டாடவில்லை, ஆகவே உங்களுக்கே நம்பிக்கையில்லை. இதற்கு மறுப்புச் சொல்ல அரசிடம் ஒரு காகிதமும் கிடையாது. என் சீனியர் ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தார். கேஸ் கட்டின் முதல் தாளில் 'இதில் யார் விசாரிக்கப்படுகிறார்?' என்று எழுதிவிட்டுத்தான் படிக்க வேண்டும் என்பார். மனுதாரரா, எதிர்மனுதாரரா, கையெழுத்தா, நில அளவையா? அந்தப் பதிலைப் பொறுத்தே வாதம் அமையும். கம்பெத்தா அன்று முதல் தாளில் எழுதியது தெலெக்ளூஸின் பெயரை அல்ல, பேரரசின் பெயரை.

தெலெக்ளூஸுக்கு ஆறு மாதச் சிறை, 2000 ஃபிராங்க் அபராதம். ஆக, வழக்கு தோற்றது என்பது சரிதான். ஆனால் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இந்த உத்தியை எல்லா வழக்கிலும் கையாளக் கூடாது. கட்சிக்காரருக்குத் தண்டனை கூடலாம் என்று தெரிந்தே அரசியல் வாதம் செய்ய, அந்தக் கட்சிக்காரரின் முழு சம்மதம் வேண்டும். தெலெக்ளூஸ் சிறைக்கு அஞ்சாதவர். தான் விடுதலையாவதைவிட அந்தப் பேச்சு நாட்டுக்குக் கேட்க வேண்டும் என்று விரும்பியவர். சாதாரணக் குடும்பஸ்தர் ஒருவரின் ஜாமீன் மனுவில் நீங்கள் இப்படிப் பேசினால் அது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம்.

மறுநாள் பத்திரிகைகள் வழியாகப் பேச்சு நாடெங்கும் பரவியது. 1869 மே மாதத் தேர்தலில் இரண்டு இடத்தில் நின்றார். பாரிசில் தொழிலாளர் வாழும் பெல்வில் பகுதியில் பழைய குடியரசுவாதி இப்போலித் கார்னோவைத் தோற்கடித்தார். மர்செய்யில் எதிரே நின்றவர்களில் மூத்த அரசியல்வாதி தியேரும், சூயஸ் கால்வாயைத் தோண்டிய லெசெப்ஸும் இருந்தார்கள். அங்கேயும் ஜெயித்து, மர்செய் இடத்தை வைத்துக்கொண்டார். பெல்வில்லில் நடந்த விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். வாக்காளர்கள் தங்கள் கோரிக்கைகளைப் பட்டியலாக எழுதிக் கொடுத்தார்கள்: எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமையை முழுமையாக நடைமுறைப்படுத்துவது, பத்திரிகைச் சுதந்திரம், திருச்சபையையும் அரசையும் பிரிப்பது, இலவசக் கட்டாய மதச்சார்பற்ற ஆரம்பக் கல்வி, நிரந்தர ராணுவத்தை ஒழிப்பது. அவர் அதை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் பதில் கொடுத்தார். நம் பாஷையில் சொன்னால், வாக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். பிற்காலத்தில் பெல்வில்காரர்கள் அவர் மேல் கோபப்பட்டதும் இந்தக் காகிதத்தை வைத்துத்தான்.

1870இல் பிரான்சுக்கும் ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. செப்டம்பர் 2 அன்று செதானில் பேரரசர் பிரஷ்யப் படையிடம் சரணடைந்தார். செப்டம்பர் 4 அன்று பாரிஸ் மக்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோது, பேரரசர் பதவி இழந்ததை மேடையில் நின்று அறிவித்தவர் கம்பெத்தா. அன்றே நகர மன்றத்தில் குடியரசு அறிவிக்கப்பட்டது. அவர் நேரே உள்துறை அலுவலகத்துக்குப் போய் மாவட்டங்களுக்கெல்லாம் அமைச்சர் என்று கையெழுத்திட்டுத் தந்தி கொடுத்தார். வயது 32. பாரிசைப் பிரஷ்யர்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். வெளி மாகாணங்களில் படை திரட்ட யாராவது போக வேண்டும், போக வழி வானம் மட்டும்தான். அக்டோபர் 7 காலை மோன்மார்த்ரின் செயின்ட் பியேர் சதுக்கத்திலிருந்து 'அர்மான் பார்பேஸ்' என்ற பலூனில் நண்பர் ஸ்புல்லேருடன் ஏறினார். நிலக்கரி வாயு நிரப்பிய, காற்று இழுத்த பக்கம் போகும் பலூன் அது. தாழ்ந்தபோதெல்லாம் கீழிருந்து சுட்டார்கள். கடைசியில் பாரிசுக்கு வடக்கே எபினேஸ் என்ற கிராமத்துக்கு அருகில் ஒரு மரத்தில் சிக்கி நின்றது. கிராமத்து மக்கள் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஆமியேன், ரூவான் வழியாக அக்டோபர் 9 அன்று தூர் நகரத்தை அடைந்தார். அங்கே அரசின் கிளையை நடத்திக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? 74 வயது கிரெமியே. சீனியரின் கண்ணெதிரே ஜூனியர் போர் அமைச்சகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அல்ஜீரிய யூதர்களுக்குக் குடியுரிமை தந்த அக்டோபர் 24 ஆணையில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது.

அடுத்த நான்கு மாதத்தில் ஃபிரெய்சினே என்ற பொறியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏறத்தாழ 6 லட்சம் பேரைத் திரட்டினார். நவம்பர் 9 அன்று கூல்மியேயில் வெற்றியும் கிடைத்தது. ஆனால் மெட்ஸ் கோட்டையில் தளபதி பசேன் அக்டோபர் கடைசியிலேயே சரணடைந்துவிட்டதால், அங்கே கட்டுண்டு கிடந்த பிரஷ்யப் படைகள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. பயிற்சியில்லாத, சரியான காலணி இல்லாத படை பனிக்காலத்தில் சிதறியது. தளபதிகளுக்குத் தந்தியில் உத்தரவு போட்டுக் குழப்பினார் என்பது ஒரு தரப்பு. அவர் இல்லையென்றால் அந்தப் படையே இருந்திருக்காது என்பது மறு தரப்பு. எனக்குப் போர் தெரியாததால் தளபதிகள் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரிகிறது. பிரெத்தாஞ் பகுதி வீரர்களைக் கோன்லி முகாமில் சேற்றில் ஆயுதமில்லாமல் கிடக்கவிட்டது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. கோர்ட்டில் குரல் உயர்த்தினால் அடுத்த வாய்தா கிடைக்கும். போர்க்களத்தில் குரலுக்கு அந்தச் சக்தி இல்லை. வக்கீல் பயிற்சி அவரைக் கைவிட்ட முதல் இடம் இது.

1871 ஜனவரி 28 அன்று ஜூல் ஃபாவ்ர் போர் நிறுத்தத்தில் கையெழுத்திட்டார். பேரரசின் பழைய அதிகாரிகள் தேர்தலில் நிற்கக் கூடாது என்று கம்பெத்தா ஆணை போட்டார். பாரிசில் இருந்த அரசு அதை ரத்து செய்தது, பிப்ரவரி 6 அன்று அவர் பதவி விலகினார். இரண்டு நாள் கழித்து நடந்த தேர்தலில் பல மாவட்டங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தன. அவர் எடுத்துக்கொண்டது ஸ்ட்ராஸ்பூர்க் இருக்கும் கீழ் ரைன் மாவட்டத்தை, அதாவது ஜெர்மனிக்குப் போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த மண்ணை. மார்ச் 1 அன்று மன்றம் அல்சாசையும் லொரேனின் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்க வாக்களித்ததும், அந்தப் பகுதிப் பிரதிநிதிகளோடு சேர்ந்து எழுந்து வெளியேறினார். உடல் நொந்து ஸ்பெயின் எல்லைக்கு அப்பால் சான் செபாஸ்தியானுக்குப் போய்விட்டார். அந்த வசந்தத்தில்தான் பாரிஸ் கம்யூன் என்ற நகர மக்களின் புரட்சி அரசு எழுந்து, நசுக்கப்பட்டது. கம்யூனின் தலைவர்களில் ஒருவராக இருந்த தெலெக்ளூஸ், எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த மே 25 மாலை, ஒரு தடுப்பரண் மேல் தானாக ஏறி நின்று குண்டுக்கு இரையானார். போதெனுக்காகச் சிறைக்குப் போனவர் போதெனைப் போலவே இறந்தார். அவருடைய வக்கீல் ஊரில் இல்லை. 1880இல் நாடாளுமன்றத் தலைவராக இருந்தபோது கம்பெத்தா தன் ஆசனத்தை விட்டு இறங்கிவந்து, கம்யூன் கைதிகளுக்கு முழு மன்னிப்புக் கேட்டுப் பேசினார். அதைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பழைய கட்சிக்காரரின் ஞாபகம்தான் வரும்.

இனி நான் சொல்லப்போகும் காலம்தான் என் கணக்கில் அவருடைய உண்மையான பெருமை. பலூனும் போதென் வழக்கும் இதற்குக் கீழேதான். 1871 மன்றத்தில் பெரும்பான்மை முடியாட்சிக்காரர்கள். குடியரசு பெயரளவில் இருந்தது, எந்த நாளும் அரசர் வரலாம். கம்பெத்தா 'லா ரெபுப்ளிக் ஃபிரான்சேஸ்' பத்திரிகையைத் தொடங்கினார், ஊர் ஊராகப் போனார். 1872 செப்டம்பரில் கிரெனோபிலில் 'புதிய சமூக அடுக்குகள்' அரசியலுக்கு வந்துவிட்டன என்று பேசினார். சின்னக் கடைக்காரர், பள்ளி ஆசிரியர், கிராமத்து வைத்தியர், நிலம் வைத்திருக்கும் விவசாயி, இவர்களே இனி நாட்டை ஆள்வார்கள் என்றார். மளிகைக் கடைக்காரரின் மகன் சொன்னதால் அதில் ஒரு நிஜம் இருந்தது. பெரிய மேடை மட்டுமல்ல, விருந்துச் சாப்பாட்டு மேசைகளிலும் இதையே பேசினார். குடியரசின் ஊர் சுற்றும் விற்பனையாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டதும் அப்போதுதான்.

1875இல் அவர் செய்தது, நீண்ட நாள் தொழில் செய்த வக்கீல் செய்யக்கூடிய காரியம். குடியரசு என்ற சொல்லை அரசியல் சட்டத்தில் நுழைத்த வலோன் திருத்தம் ஜனவரி 30 அன்று 353க்கு 352 என்று ஒரே ஓட்டில் நிறைவேறியது. அதற்கு விலையாக மிதவாதிகள் ஒரு மேலவை கேட்டார்கள். கிராமப்புறத்துக்குச் சாய்ந்த, பழமைவாதிகளுக்கு வசதியான மேலவை. இடதுசாரிகளுக்கு அது விஷம். கம்பெத்தா ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஏப்ரலில் பெல்வில்லுக்கே போய், மேலவையை 'பிரான்சின் ஊர்களுடைய மாமன்றம்' என்று பெயரிட்டு விளக்கினார். ஒவ்வொரு ஊராட்சியும் மேலவைத் தேர்தலுக்கு ஆள் அனுப்புவதால், அரசியல் முதல் முறையாகக் கிராமத்து வாசல் வரை போகும் என்றார். எதிரி கட்டிய சுவரைத் தன் ஏணியாக்கினார். அந்தச் சமரசத்தில் பிறந்த அமைப்பு 1940 வரை நின்றது. வழக்கு நடத்தத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், எப்போது ராஜி செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு. நல்ல வக்கீலா என்று கேட்டீர்களே, என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆம், நல்ல வக்கீல்.

அதே குடியரசின் விரிவில்தான் 1871 முதல் பிரெஞ்சிந்தியாவும் பாரிஸ் மன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பியது. எங்கள் ஊர்ப் பழைய குடும்பங்களில் இந்தத் தலைவர்களின் பெயர்கள் கேட்டுப் பழகியவை என்பதால் சொல்கிறேன். கம்பெத்தாவுக்கும் புதுச்சேரிக்கும் அதற்கு மேல் நேரடித் தொடர்பை நான் கட்டிச் சொல்ல மாட்டேன்.

1877 மே 16 அன்று குடியரசுத் தலைவர் மக்மாவோன், பெரும்பான்மை இருந்த பிரதமரை விலக வைத்தார், அடுத்த மாதம் மன்றத்தையும் கலைத்தார். அந்த மே 16க்குச் சில நாள் முன்புதான் கம்பெத்தா 'குருமார் ஆதிக்கமா? அதுதான் எதிரி!' என்று முழங்கியிருந்தார். அந்த வாசகம் தன்னுடையதல்ல, நண்பர் பெய்ராவுடையது என்று அங்கேயே சொன்னார். பெய்ரா, போதென் வழக்கில் குற்றக் கூண்டில் நின்ற பத்திரிகை ஆசிரியர்களில் ஒருவர். கலைப்பை எதிர்த்து 363 பிரதிநிதிகள் ஒரே அணியாக நின்றார்கள். ஒரு காலத்தில் இவரை வெறி பிடித்த பைத்தியம் என்று ஏசிய தியேரும் கூட நின்றார். ஆகஸ்ட் 15 அன்று லீல் நகரத்தில் கம்பெத்தா பேசினார்: பிரான்ஸ் தன் குரலைக் கேட்கச் செய்த பிறகு, பணிய வேண்டும் அல்லது விலக வேண்டும். இதற்காக அவர் மேலேயே வழக்கு. மூன்று மாதச் சிறை, 2000 ஃபிராங்க் அபராதம். தெலெக்ளூஸுக்கு விதித்த அதே அபராதத் தொகை. சிறைக்குப் போகவில்லை, ஏனென்றால் அக்டோபர் தேர்தலில் குடியரசுவாதிகள் ஜெயித்துவிட்டார்கள். மக்மாவோன் முதலில் பணிந்தார், 1879 ஜனவரியில் விலகினார்.

இந்த இடத்தில் சந்தேகத்துக்குரிய ஒன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 1878இல் கம்பெத்தா ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கைச் சந்திக்க ஏற்பாடு நடந்தது, கடைசி நேரத்தில் அவர் பின்வாங்கினார். இதுவரை ஆதாரம் உண்டு. வேறொரு நாளில் ரகசியமாகச் சந்தித்தார்கள் என்பது உறுதிப்படாத பேச்சு.

மக்மாவோன் போனதும் குடியரசுத் தலைவரானவர் கிரேவி. இவரும் வக்கீல், போதென் வழக்கு நடந்த காலத்தில் பாரிஸ் வக்கீல்களின் தலைவராக இருந்தவர். கம்பெத்தாவைக் கண்டால் ஆகாது. ஏறத்தாழ மூன்று வருடம் அவரைப் பிரதமராக்காமல் தள்ளிப்போட்டார். 1881 நவம்பர் 14 அன்று, போதென் வழக்கில் பேசி சரியாக 13 வருடம் கழித்து, கடைசியில் அழைப்பு வந்தது. 'மாபெரும் அமைச்சரவை' வரும் என்று நாடு காத்திருந்தது. ஃபிரெய்சினே, லெயோன் சே போன்ற பெரிய பெயர்கள் சேர மறுத்தன. அவர் இளைஞர்களை எடுத்தார். உள்துறைக்கு வந்த வால்தெக்-ரூசோ 34 வயது ரென் நகரத்து வக்கீல். 1884இல் தொழிற்சங்கச் சட்டத்தையும் 1901இல் சங்கங்கள் சட்டத்தையும் கொண்டுவந்தவர் அவரே. ஆள் பொறுக்குவதில் கம்பெத்தாவுக்கு எப்படிப்பட்ட கண் இருந்தது என்பதற்கு இது போதும்.

ஆனால் அமைச்சரவை இரண்டரை மாதம்கூட நிற்கவில்லை. ஒரு தொகுதிக்கு ஒருவர் என்பதை மாற்றி, மாவட்டம் முழுவதற்கும் பட்டியலாக வாக்களிக்கும் முறையை அரசியல் சட்டத்திலேயே கொண்டுவரப் பார்த்தார். தன் ஊர்க்காரர்களின் தயவில் ஜெயித்து வந்திருந்த உறுப்பினர்களிடம் போய், உங்கள் தொகுதியை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டது போல ஆயிற்று. இவர் சர்வாதிகாரி ஆகிவிடுவார் என்ற பயம் வேறு. 1882 ஜனவரி 26 அன்று தோற்றார். 1875இல் ஒவ்வொருவர் சட்டையையும் பிடித்துப் பேசியவர், இந்த முறை தன் பெயரே போதும் என்று நினைத்துவிட்டார் என்பது என் கருத்து. நீதிபதியின் முகத்தைப் பார்க்காமல் வாதாடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

அந்த வருடக் கடைசியிலேயே முடிவும் வந்தது. நவம்பர் 27 அன்று பாரிசுக்கு வெளியே ஜார்தி வீட்டில் கைத்துப்பாக்கியைக் கையாளும்போது குண்டு வெடித்துக் கையில் பாய்ந்தது. பத்து வருடமாக அவர் வாழ்வில் இருந்த லெயோனி லெயோன்தான் சுட்டார் என்று வதந்தி கிளம்பியது, ஆதாரம் எதுவும் கிடையாது. காயம் ஆறியது. படுக்கையில் கிடக்கும்போது வயிற்றில் அழற்சி கண்டது. அறுவை செய்யலாம் என்றார் லானலோங் என்ற மருத்துவர், மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. குடல்வால் அழற்சி என்று அந்த நோய்க்கு மருத்துவம் பெயர் சூட்டவே இன்னும் நான்கு வருடம் இருந்தது. டிசம்பர் 31 நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு இறந்தார், வயது 44.

1883 ஜனவரி 6 அன்று பாரிசில் அரசு மரியாதையோடு ஊர்வலம் நடந்தது. உடலைப் பாரிசிலேயே வைக்க நண்பர்கள் எவ்வளவோ கேட்டார்கள். நீஸ் நகரத்தில் ஓய்வில் இருந்த ஜொசெஃப் கம்பெத்தா கொடுக்கவில்லை. மகன் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றார். இதயத்தை மட்டும் நண்பர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். அல்சாசும் லொரேனும் திரும்பிய பிறகு, 1920 நவம்பர் 11 அன்று அதை, நாட்டின் பெரியோருக்கான பாரிஸ் நினைவு மண்டபமான பாந்தியோனில் வைத்தார்கள். உடல் இன்றும் நீஸ் கோட்டைக் குன்றின் கல்லறையில், மளிகைக் கடை அப்பாவின் பக்கத்தில்தான் இருக்கிறது.